பாட்டும் ஓடணும், வழியும் கேட்கணும்!

சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் முதன்முறையாக கார் ஓட்டியவர்களுக்கு அந்தப் படபடப்பு மறக்காது. ஜி.எஸ்.டி. சாலை, அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை என நான்கும் வந்து சேரும் இடம் அது. இலைகளை விரித்துவைத்தது போல வளைந்து வளைந்து பிரியும் பாதைகள். தாம்பரம் பக்கமிருந்து கோயம்பேடு போக வேண்டியவர், இடது பக்கம் பிரிவதை ஒரு நொடி கவனிக்காமல் விட்டால் போதும். கிண்டியில் போய் நிற்பார்.

சரியாக அந்த நொடியில்தான் பாட்டில் சரணம் தொடங்கும். தபேலாவும் டிரம்ஸும் சேர்ந்து அதிரும். பின் சீட்டில் பிள்ளைகள் கூடவே பாடுவார்கள். டேஷ்போர்டில் இருக்கும் செல்போன் ஏதோ சொல்லும். "என்ன சொல்லிச்சு? லெஃப்ட்டா, ரைட்டா?" என்று ஓட்டுபவர் கேட்பார். "நேரா போகச் சொல்லிச்சு" என்பார் ஒருவர். "இல்ல, லெஃப்ட்டு" என்பார் இன்னொருவர். கடைசியில் ஓட்டுபவரே குனிந்து செல்போன் திரையைப் பார்ப்பார்.

ஆபத்து அந்தக் குனிதலில்தான் இருக்கிறது. வழி தவறினால் போகட்டும், பத்து நிமிடம் வீணாகும். ஆனால், குரல் கேட்காததால் கண் சாலையை விட்டு விலகுகிறதே, அதற்கான விலை பெரிது. பாட்டையும் விட்டுக்கொடுக்காமல், வழி சொல்லும் குரலையும் தெளிவாகக் கேட்க வழி இருக்கிறது. பெரும்பாலும் காசு செலவில்லாத வழிகள்தான்.

ஒரு நொடிக்கு 22 மீட்டர்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் சுமார் 22 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. திரையைப் பார்க்க 2 நொடி எடுத்துக்கொண்டால் 44 மீட்டர். நான்கு பேருந்துகளை வரிசையாக நிறுத்திவைத்த நீளம் அது. அவ்வளவு தூரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், கார்த் திரைகளுக்கென 2013-ல் ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது. ஓட்டுபவர் ஒருமுறை திரையைப் பார்க்கும் நேரம் 2 நொடியைத் தாண்டக் கூடாது. ஒரு வேலையை முடிக்க மொத்தமாகப் பார்க்கும் நேரம் 12 நொடியைத் தாண்டக் கூடாது. கார்த் தயாரிப்பாளர்களுக்கு அது சொன்ன அளவு இதுதான்.

வழிகாட்டிக் கருவிகளின் வரலாற்றிலும் இந்தக் கவலை ஆரம்பம் முதலே உண்டு. 1981-ல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் காருக்கான வரைபட வழிகாட்டிக் கருவியை அறிமுகப்படுத்தியது. சின்னத் திரையின் மேல் ஒளி ஊடுருவும் வரைபடத் தாளைப் பொருத்த வேண்டும். கார் இருக்குமிடம் அதில் புள்ளியாகத் தெரியும். அது பேசாது. பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

1989-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் ஜிம் டேவிஸும் கிறிஸ் ஷ்மாண்டும் வேறு பாதையில் யோசித்தார்கள். ஓட்டுபவரின் கண்ணுக்கு ஏற்கெனவே வேலை அதிகம், காது சும்மாதானே இருக்கிறது என்று, பேசியே வழி சொல்லும் ஒரு சிஸ்டத்தை உருவாக்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர், 'பேக் சீட் டிரைவர்'. பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு "இங்கே திரும்பு, அங்கே திரும்பு" என்று சொல்லிக்கொண்டே வருவாரே ஒரு சொந்தக்காரர், அவர்தான்.

ஆக, அந்தக் குரல் வந்ததே கண்ணைச் சாலையில் வைத்திருக்கத்தான். குரல் கேட்காவிட்டால், நம் கையில் இருப்பது வெறும் திரை மட்டும்.

கெட்டிமேளத்தில் காணாமல்போகும் பேச்சு

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் பேசினால் என்ன கேட்கும்? வாய் அசைவது தெரியும். ஏதோ சத்தம் வருவதும் தெரியும். என்ன வார்த்தை என்று மட்டும் புரியாது. காருக்குள் நடப்பதும் இதுதான். ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தை மூடிவிடுகிறது.

பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி வலுவானது. தாழ்ந்த அதிர்வெண்ணில் கனமாக வரும். ஆனால், ஒரு வார்த்தையை இன்னொரு வார்த்தையிலிருந்து பிரித்துக்காட்டுவது பெரும்பாலும் மெய்யெழுத்துகள். அவற்றின் ஒலி மெலிதானது. ஏறக்குறைய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அதிகம் இருக்கும். பாடகரின் குரல், கிடார், வயலின் எல்லாம் அதே பகுதியில்தான் நெரிசலாக நிற்கின்றன. அதனால் பாட்டு ஓடும்போது முதலில் அடிபடுவது மெய்யெழுத்துகள்தான்.

அதோடு, தாழ்ந்த ஒலிகளுக்கு ஒரு குணம் உண்டு. சத்தமாக வந்தால், தங்களைவிட உயர்ந்த அதிர்வெண் ஒலிகளையும் மூடிவிடும். டயர் உராயும் சத்தம், இன்ஜின் உறுமல், பாட்டின் பேஸ் எல்லாமே தாழ்ந்த ஒலிகள். 'பேஸை' முழுதாக ஏற்றிவைத்து ஓட்டுபவர்களுக்கு வழி சொல்லும் குரல் முணுமுணுப்பாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பள்ளி வகுப்பறைகளுக்கு ஒலியியல் வல்லுநர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். ஆசிரியரின் குரல், பின்னணி இரைச்சலைவிட 15 டெசிபல் கூடுதலாக இருந்தால் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும் என்பது அது. 10 டெசிபல் கூடினாலே நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். ஏற்கெனவே அலறிக்கொண்டிருக்கும் பாட்டுக்கு மேல் இன்னும் 15 டெசிபல் ஏற்றி ஒரு குரல் பேசினால் என்ன ஆகும்? ஓட்டுபவர் திடுக்கிட்டு ஸ்டீயரிங்கை ஆட்டிவிடுவார். அதனால் குரலை உயர்த்துவது பாதித் தீர்வுதான். பாட்டைத் தாழ்த்துவதுதான் சரியான தீர்வு.

பாட்டு தலைகுனியும் வித்தை

எஃப்.எம். ரேடியோ கேட்பவர்களுக்கு இந்த வித்தை பழக்கமானதுதான். தொகுப்பாளர் பேசத் தொடங்கியதும் பாட்டு மெல்லப் பின்னால் போகும். பேசி முடித்ததும் மறுபடி எழும். ஒலித் துறையில் இதற்கு 'டக்கிங்' என்று பெயர். தலைக்கு மேலே ஏதாவது வந்தால் சட்டென்று குனிகிறோமே, அப்படிப் பாட்டு குனிந்துகொள்கிறது.

நம் செல்போன்களுக்கும் இது தெரியும். வழிகாட்டி ஆப் பேச வேண்டிய நேரத்தில், 'எனக்குக் கொஞ்ச நேரம் வழிவிடுங்கள்' என்று போனிடம் கேட்கும். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், அப்படிக் கேட்டதும் போனே பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறது. பாட்டு ஆப் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஐபோனிலும் இதே ஏற்பாடு இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் இன்னும் பல கார்களில் "என்ன சொல்லிச்சு?" என்ற கேள்வி எழுகிறது? ஒரு போன், தனக்குள் ஓடும் பாட்டை மட்டும்தான் குனியவைக்க முடியும். பக்கத்து போனில் ஓடும் பாட்டை அதனால் எதுவும் செய்ய முடியாது. நம் வீட்டு கார்களில் சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

எங்கே சிக்கல்?

*பாட்டு ஒரு போனில், மேப் இன்னொரு போனில்:* அம்மாவின் போன் புளூடூத்தில் காரோடு இணைந்து பாட்டு பாடுகிறது. அப்பாவின் போன் ஹோல்டரில் நின்று வழி சொல்கிறது. இரண்டுக்கும் ஒன்றைப் பற்றி இன்னொன்றுக்குத் தெரியாது. அப்பாவின் போன் பேசும்போது பாட்டு குறையவே குறையாது. தீர்வு எளிது. மேப் ஓடும் போனிலேயே பாட்டையும் ஓடவிட்டு, அந்த ஒரு போனை மட்டும் காரோடு இணையுங்கள். பாட்டு மாற்றும் அதிகாரத்தை முன் சீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

*பாட்டு பென் டிரைவில் அல்லது எஃப்.எம்மில்:* போன் புளூடூத்தில் இணைந்திருக்கும். ஆனால், கார் ஸ்டீரியோ பென் டிரைவைப் பாடிக்கொண்டிருக்கும். போன் புளூடூத் வழியே பேசும் பேச்சு, அந்த நேரத்தில் எங்குமே கேட்காமல் போய்விடும். குரல் சின்னதாகக்கூட வரவில்லையே என்று குழம்புவோர் பலருக்கும் காரணம் இதுதான். கூகுள் மேப்ஸின் நேவிகேஷன் செட்டிங்ஸில் 'பிளே வாய்ஸ் ஓவர் புளூடூத்' என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிட்டால் குரல் போனின் சொந்த ஸ்பீக்கரிலேயே வரும். வேஸ் போன்ற சில ஆப்களில், வழி சொல்வதை போன் அழைப்பு போல காருக்கு அனுப்பும் வசதியும் உண்டு. அழைப்பு வந்தால் கார் ஸ்டீரியோ பென் டிரைவை நிறுத்திவிட்டு வழிவிடும் அல்லவா? அந்தப் பழக்கத்தைத்தான் இது பயன்படுத்திக்கொள்கிறது.

*குரலே பாதி அணைந்திருப்பது:* மேப் திரையின் ஓரத்தில் சின்ன ஸ்பீக்கர் படம் இருக்கும். அதில் மூன்று நிலைகள். முழுக் குரல், எச்சரிக்கைகள் மட்டும், முழு மௌனம். என்றைக்கோ ஒருநாள் வீட்டுக்குப் போகும் தெரிந்த வழியில் 'எச்சரிக்கை மட்டும்' என்று மாற்றியிருப்போம். தெரியாத ஊரிலும் அது அப்படியே இருக்கும். நெரிசலைப் பற்றிச் சொல்லும், திருப்பத்தைப் பற்றிச் சொல்லாது.

*முதல் வார்த்தை காணாமல்போவது:* பாட்டு எதுவும் ஓடாதபோது சில கார்களில் புளூடூத் இணைப்பு அரைத்தூக்கத்தில் இருக்கும். குரல் வந்ததும் அது விழித்துக்கொள்ள ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் முதல் வார்த்தை விழுங்கப்பட்டுவிடும். பாட்டை நிறுத்தியும் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அப்படிப்பட்ட காரில் பாட்டை நிறுத்துவதைவிட, மெலிதாக ஓடவிடுவதே நல்லது. இணைப்பு விழித்தே இருக்கும்.

போனில் ஒரு மாற்றம், காரில் ஒரு மாற்றம்

ஒரே போனில் பாட்டும் மேப்பும் ஓடுகின்றன, பாட்டும் குறைகிறது, ஆனாலும் குரல் மெலிதாகவே கேட்கிறது என்றால்? வால்யூம் பட்டனை ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். குரலுக்கும் பாட்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. அந்த இடைவெளியை மாற்ற கூகுள் மேப்ஸில் 'கைடன்ஸ் வால்யூம்' என்று தனியாக இருக்கிறது. 'சாஃப்டர், நார்மல், லவுடர்' என்று மூன்று தேர்வுகள். 'லவுடர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே 'பிளே டெஸ்ட் சவுண்ட்' இருந்தால், அதைத் தொட்டு எப்படிக் கேட்கிறது என்று பார்க்கலாம். ஐபோனின் ஆப்பிள் மேப்ஸிலும் குரலின் அளவை மாற்றும் தேர்வு உண்டு. பதிப்புக்குப் பதிப்பு மெனு கொஞ்சம் இடம் மாறும், பெயர் ஏறக்குறைய இதுவாகவே இருக்கும்.

ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்பிளே உள்ள கார்களில் கதை வேறு. அங்கே பாட்டு, போன் அழைப்பு, வழிகாட்டும் குரல் மூன்றுக்கும் கார் தனித்தனி வால்யூம் வைத்திருக்கும். எது ஒலிக்கிறதோ, அதன் வால்யூமைத்தான் குமிழ் திருப்பும். பாட்டு ஓடும்போது எவ்வளவு திருகினாலும் குரல் ஏறாது. குரல் பேசிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளுக்குள் திருக வேண்டும். இது தெரியாமல், 'காரில் குரல் வருவதே இல்லை' என்று முடிவுகட்டியவர்கள் நிறைய. யாரோ ஒருநாள் குரல் பேசும்போது வால்யூமைக் குறைத்திருப்பார்கள். கார் அதை ஞாபகம் வைத்திருக்கும்.

வண்டி நிற்கும்போது ஏதாவது ஓர் ஊருக்கு வழிகாட்டலைத் தொடங்குங்கள். முதல் அறிவிப்பு உடனே வரும். அது பேசும்போதே குமிழைத் திருகி வையுங்கள். ஒருமுறை செய்தால் போதும். குமிழுக்கு நேரம் போதவில்லை என்றால், பல கார்களின் ஸ்டீரியோ செட்டிங்ஸில் 'நேவிகேஷன் வால்யூம்' என்று தனியாகவே இருக்கும்.

வேகத்துக்கு ஏற்பத் தானாகவே சத்தத்தைக் கூட்டும் வசதியும் பல கார்களில் உண்டு. நெடுஞ்சாலையில் டயர் சத்தத்தை ஈடுகட்ட இது உதவும்.

கடைசியாக, பாட்டின் பேஸை இரண்டு புள்ளி குறைத்துப் பாருங்கள். குரல் போனின் ஸ்பீக்கரில் தனியாக வருகிறது என்றால், பாட்டைப் பின் ஸ்பீக்கர்களுக்குத் தள்ளிவிடலாம். கார் ஸ்டீரியோவில் 'ஃபேடர்' என்று இருப்பது இதற்குத்தான். நம் காதுக்கு, வேறு வேறு திசையிலிருந்து வரும் சத்தங்களைப் பிரித்துக் கேட்பது சுலபம். கூட்டத்தில் பத்துப் பேர் பேசினாலும் ஒருவர் பேச்சை மட்டும் பிடித்துக்கொள்ளும் இந்தத் திறமையை, காலின் செர்ரி என்ற விஞ்ஞானி 1953-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பாட்டு பின்னாலிருந்தும் வழி முன்னாலிருந்தும் வந்தால் மூளைக்குப் பாதி வேலை மிச்சம்.

பட்டிமன்றமும் பாட்காஸ்ட்டும்

நீண்ட பயணங்களில் பாட்டுக்குப் பதில் பட்டிமன்றம், சொற்பொழிவு, பாட்காஸ்ட் கேட்பவர்கள் உண்டு. இங்கே சிக்கல் இன்னும் கூர்மையானது. பாட்டுக்கு நடுவே ஒரு பேச்சு வந்தால் மூளை அதைத் தனியாக அடையாளம் கண்டுகொள்ளும். பேச்சுக்கு நடுவே இன்னொரு பேச்சு வந்தால், இரண்டும் சேர்ந்து குழம்பிவிடும். நடுவர் தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் "300 மீட்டரில் வலதுபுறம்" என்று வந்தால் இரண்டுமே போச்சு.

பேச்சைத் தாழ்த்துவதைவிட நிறுத்திவிடுவதே இங்கு சரி. ஆப்பிள் மேப்ஸில் இதற்கென்றே 'டைரக்‌ஷன்ஸ் பாஸ் ஸ்போக்கன் ஆடியோ' என்றொரு தேர்வு உண்டு. அதைப் போட்டுவைத்தால், வழி சொல்லும்போது பேச்சு நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆண்ட்ராய்டில் பாட்காஸ்ட் ஆப்கள் பலவும் தாமாகவே நின்று தொடரும். யூடியூபில் ஓடும் பட்டிமன்றம் நிற்கிறதா, வெறுமனே தாழ்கிறதா என்பதைக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தாழ மட்டும் செய்கிறது என்றால், ஊருக்குள் நுழைந்ததும் அதை நிறுத்திவிட்டு நெடுஞ்சாலையில் தொடருங்கள்.

இடதா, வலதா?

கூகுள் மேப்ஸ் 2018 முதல் தமிழிலும் வழி சொல்கிறது. ஆங்கிலக் குரல் நம் ஊர்ப் பெயர்களைக் கடித்துத் துப்புவதைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால், இரைச்சலில் கேட்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இடது, வலது. இரண்டுக்கும் மூன்றே எழுத்துகள். இரண்டும் 'து' என்றுதான் முடிகின்றன. முதல் பாதி பாட்டில் மூழ்கினால் மிஞ்சுவது 'து' மட்டும். லெஃப்ட், ரைட் என்பவற்றில் இந்தக் குழப்பம் குறைவு. சிலருக்கோ 'லெஃப்ட்' என்றதும் கை தானாகத் திரும்பும், 'இடது' என்றால் ஒரு கணம் யோசிக்க வேண்டும். சிலருக்கு நேர்மாறு. 'சோத்துக்கை பக்கம்' என்று சொன்னால்தான் உடனே புரியும் என்பவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்!

எந்த மொழி உயர்ந்தது என்ற பட்டிமன்றம் இங்கே வேண்டாம். யார் ஓட்டுகிறாரோ, அவருக்கு எந்த வார்த்தை யோசிக்காமல் புரிகிறதோ அதுதான் சரி. செட்டிங்ஸில் 'வாய்ஸ் செலக்‌ஷன்' போய் மாற்றிக்கொள்ளலாம். அப்பா ஓட்டும்போது தமிழ், மகள் ஓட்டும்போது ஆங்கிலம் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அரை நொடி மிச்சமானாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 11 மீட்டர்.

இன்னொரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. மேம்பாலத்தில் ஏற வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்ற குழப்பம் நம் நகரங்களில் நிரந்தரம். 2024-ல் இந்தியாவின் பல நகரங்களில் மேம்பாலத்தை முன்கூட்டியே சொல்லும் வசதியை கூகுள் மேப்ஸ் கொண்டுவந்தது. சொல்வது காதில் விழுந்தால்தானே பயன்?

தாத்தா ஓட்டும்போது

வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை. மெய்யெழுத்துகள் இருக்கும் பகுதியும் மெல்ல மங்கும். அதனால்தான் பெரியவர்கள், "சத்தம் கேட்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்கிறார்கள். அமைதியான அறையில் நன்றாகக் கேட்பவருக்கும் இரைச்சலுக்கு நடுவே கேட்பது சிரமமாகும்.

60 வயதைத் தாண்டியவர் ஸ்டீயரிங் பிடிக்கும்போது, பாட்டின் வால்யூமைக் காரில் இருக்கும் மற்றவர்களே குறைத்துவிடுவது மரியாதை. "இது உங்க காலத்துப் பாட்டுதானே" என்று ஏற்றிவைப்பது அன்புதான். ஆனால், தெரியாத ஊரின் குறுக்குச் சந்துகளில் அந்த அன்பு அவருக்கு பாரம். ஏ.சி. ஃபேனை ஒரு படி குறைப்பது, கண்ணாடியை ஏற்றிவிடுவது போன்ற சின்ன விஷயங்களும் அவருக்குப் பெரிய உதவி. முக்கியமான திருப்பம் வரும்போது பக்கத்தில் இருப்பவர் குரல் சொன்னதையே ஒருமுறை திருப்பிச் சொன்னால் இன்னும் நல்லது. ஒருவர் மட்டும் சொன்னால் போதும். நான்கு பேர் சொன்னால் பழைய கதைதான்.

வாடகை காரில் போகும்போதும் இதே மரியாதை வேண்டும். டிரைவருக்கு அது வேலை செய்யும் இடம். வழி தெரியாத தெருவில் அவருடைய போன் பேசும்போது, "அண்ணா, பாட்டைக் கொஞ்சம் ஏத்துங்க" என்று கேட்காமல் இருக்கலாம். பின் சீட்டில் ஸ்பீக்கரில் வீடியோ பார்ப்பதைத் தவிர்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டி ஓட்டும்போது கையில் போனைப் பிடித்துப் பயன்படுத்துவது குற்றம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் அது ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல்முறை பிடிபட்டால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சிறைத் தண்டனைக்கும் அந்தப் பிரிவில் இடம் உண்டு.

வழி பார்க்க போனைப் பயன்படுத்தலாமா என்ற சந்தேகத்துக்கு, 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் பதில் சொல்கிறது. வழி தெரிந்துகொள்வதற்காக மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் இருக்க வேண்டும் என்பது அது. குரலைத் தெளிவாகக் கேட்கும்படி வைத்துக்கொள்வது, அந்த விதியை மதிப்பதற்கான எளிய வழி.

ஆம்புலன்ஸ் கணக்கு

இவ்வளவும் செய்தும், பாட்டு ஓடும்போது வழி சொல்லும் குரல் கேட்கவில்லை என்றால், அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். ஓர் அடி தூரத்து ஸ்பீக்கரில் ஒலிக்கும் பேச்சே காதில் விழவில்லை என்றால், பின்னால் 100 மீட்டரில் வரும் ஆம்புலன்ஸ் சைரன் எப்படி விழும்? ஓவர்டேக் செய்ய வரும் லாரியின் ஹாரன் எப்படி விழும்? அந்தக் குரல், வழியை மட்டும் சொல்லவில்லை. காருக்கு வெளியே இருக்கும் உலகம் நம் காதுக்கு எட்டுகிறதா என்பதையும் சொல்லிவிடுகிறது. அது தெளிவாகக் கேட்கும் அளவே பாட்டுக்கும் சரியான அளவு.

இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் பாட்டும் வழியும் கேட்பது இன்னும் ஆபத்து. அங்கே பாட்டை விட்டுவிடுவதுதான் தீர்வு.

கிளம்பும் முன் 3 நிமிடம்

* மேப் ஓடும் போனிலேயே பாட்டு. அந்த போன் மட்டும் புளூடூத்தில்.
* ஸ்பீக்கர் படம் முழுக் குரலில் இருக்கிறதா என்று பாருங்கள். கைடன்ஸ் வால்யூம் 'லவுடர்'.
* வண்டி நிற்கும்போதே பாட்டைப் போட்டு, வழிகாட்டலைத் தொடங்கி, முதல் அறிவிப்பைக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே என்றால் அது பேசும்போதே குமிழைத் திருகிச் சரிசெய்யுங்கள்.
* பேஸைக் குறையுங்கள். பென் டிரைவ், எஃப்.எம். என்றால் 'பிளே வாய்ஸ் ஓவர் புளூடூத்' அணைந்திருக்கட்டும்.
* ஓட்டுபவருக்குச் சட்டென்று புரியும் மொழியைத் தேர்ந்தெடுங்கள்.
* பாட்டு மாற்றுவது, வால்யூம் பார்ப்பது எல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் பொறுப்பு.

எல்லாம் சரியாக இருந்தும் சில நேரம் திருப்பத்தைத் தவறவிடத்தான் செய்வோம். அப்போது செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று. நெடுஞ்சாலையில் சட்டென்று பிரேக் அடிப்பதும், ஓரம்கட்டி ரிவர்ஸ் எடுப்பதும் வேண்டவே வேண்டாம். நேராகப் போய்க்கொண்டே இருங்கள். மேப் கோபித்துக்கொள்ளாது, "நான் அப்பவே சொன்னேனே" என்று குத்திக்காட்டாது. அடுத்த யூ-டர்ன் எங்கே என்று அமைதியாகச் சொல்லும். அதைக் கேட்கும் அளவுக்குப் பாட்டு மெலிதாக இருந்தால் போதும்.